உப்பளத்து வெளியும் குழந்தையின் இயற்கையறிவும்

குழந்தைகளுக்கும் இயற்கைக்கும் இருந்த சம்பந்தம் தேய்ந்துவருகிறது என்ற கவலை மேல்நாடுகளில் பெரிதாகப் பேசப்படுகிறது. அமெரிக்க எழுத்தாளர் ரிச்சர்டு லூவ் 2005-இல் வெளியிட்ட நூலில் அதை ஒரு குறைநோய் என்றே வருணித்தார். நார்வே தேசத்தாரோ, வெட்டவெளியில் வாழ்ந்து பழகுவதற்கென்றே 'ஃப்ரிலுஃப்ட்ஸ்லிவ்' என்றொரு சொல்லை உடையவர்கள். 1859-இல் இப்சனின் கவிதையொன்றில் வந்த அச்சொல்லின் கருத்து 1957-இல் சட்டமாகவும் உருக்கொண்டது. எனினும், உழைப்பு முடிந்தபின் கிடைக்கும் ஓய்வு என்னும் அர்த்தம் அச்சொல்லுக்குள் மறைந்து நிற்கிறது. நம் கிழக்குக் கரையிலுள்ள மரக்காணத்து உப்பளக் குடும்பத்துக்கு வெட்டவெளி ஓய்விடமன்று. ஜீவனம் நடக்கும் இடம். ஆகவே குறைநோய்க்கு ஃப்ரிலுஃப்ட்ஸ்லிவ் என்னும் அந்த இரவல் மருந்தை இங்கே அப்படியே பிரயோகிப்பது பொருந்தாது என்பது என் கட்சி.

பக்கிங்காம் கால்வாயின் தென்கோடியை அடுத்த இவ்வுப்பளங்களில், உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயிலுக்கும் காற்றுக்கும் அதை ஒப்படைத்து, பாமே அளவில் சுமார் 3 பாகையாக இருக்கும் கடல்நீரின் செறிவு 25 பாகையை எட்டும்வரை காத்திருந்து, படியும் உப்பை நீண்ட கோலுடைய பலகையால் வாரி வரப்பில் குவிக்கும் தொழிலாளருள், கருவியைக் கையில் எடுக்காமலே, நீரின் நிறத்தையும் அதன்மேல் படரும் மெல்லிய உப்பாடையையும் கண்டு பக்குவம் சொல்லக்கூடியவர்கள் உண்டு. நீரையும் வானத்தையும் ஒருங்கே வாசிக்கும் இவ்வறிவை, அதை உடையவர்களே அறிவென்று எண்ணுவதில்லை. பிள்ளைகள் எண்ணாததில் வியப்பென்ன?

பழைய நிலை வேறாக இருந்தது என்பதற்குச் சிறுபாணாற்றுப்படை ஒரு சாட்சி. அதைப் பாடிய நத்தத்தனார், மரக்காணத்துக்கு வடக்கே இன்றும் அப்பெயரோடு விளங்கும் இடைக்கழிநாட்டவர். அந்நூல் கூறும் எயிற்பட்டினத்தை மரக்காணப் பகுதியாகக் கொள்ளும் ஆராய்ச்சியாளர் பலர். உப்பு வாணிகரான உமணரின் வண்டித்தொடரோடு வந்த மந்தி, கிளிஞ்சிலின் வயிற்றில் முத்துகளை அடக்கி, உமணப் பெண்டிரான உமட்டியர் பெற்ற புதல்வரோடு கிலுகிலுப்பை ஆடும் காட்சியைப் புலவர் கொற்கைக்கரையில் வைத்திருப்பினும், உப்பு வாணிகரின் குழந்தைகளைக் காண அவர் தம் நாட்டைவிட்டு வேறெங்கும் சென்றிருக்க வேண்டியதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அக்குழந்தைகளை இயற்கையிடம் யாரும் அழைத்துச் செல்லவில்லை; பெற்றோரின் தொழில் சென்ற வழியே அவர்களும் சென்றார்கள்.

இதைக் கொண்டு, பிள்ளைகளை மீண்டும் பாத்திக்கு அனுப்புக என்று நான் சொல்வதாகக் கொண்டால் அது பெரும் அபசாரம். வெள்ளை உப்பின் ஒளி கண்ணைக் கூசவைக்கும். உவர்நீரில் நாள்தோறும் ஊறும் பாதம் வெடித்துப் புண்ணாகும். தம் மகள் அங்கே கால் வைக்கக் கூடாதென்று ஒரு தாய் விரும்புவது முற்றும் நியாயம். விவகாரம் எங்கே வருகிறதென்றால், உழைப்பை விலக்கும்போது அதனோடு ஒட்டிய அறிவும் சேர்ந்தே விலக்கப்படுகிறது. 1991-இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க உத்தரவிட்டதன் பயனாக ஒரு பாடநூல் வந்தது; பாத்தியின் பக்குவம் அறிந்த பெற்றோர் வகுப்பறைக்கு வரவில்லை.

வருவதற்கு ஒரு காலம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் உப்பு வேலை நின்றுவிடும். அக்டோபர் முதல் டிசம்பர்வரை கூலி இல்லை. விரும்பிப் பெற்ற ஓய்வன்று இது. 2020 நவம்பரில் நிவர் புயல் இக்கரையை ஒட்டியே கரையேறியதையும் மறப்பதற்கில்லை. ஆயினும் அதே மாதங்களில்தான் அருகிலுள்ள கழுவேலி ஏரி நிரம்புகிறது; 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்த ஏரிக்கு வலசைப் பறவைகள் வந்து சேர்கின்றன. பூநாரையின் இறகைச் சிவக்கச் செய்வதும், கோடையில் முற்றிய உப்புநீரைச் செந்நிறமாக்குவதும் ஒரே இனத்து நிறப்பொருள்கள். அந்த நீரை ஆண்டு முழுதும் பார்த்துப் பழகிய தாய், வேலையற்ற ஒரு காலைப்பொழுதில் கரையில் நின்று மகளுக்கு இதைச் சொல்லத் தொடங்கினால், அவளைவிடத் தகுந்த ஆசிரியர் அம்மகளுக்குக் கிடைப்பது அரிது. ஒரே ஒரு தடை உண்டு: பறவைகள் மிகுதியாகத் திரளும் டிசம்பரில்தான் நம் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு நடக்கிறது.