நூல்நிலையமும் இரவல் முறையும்

தில்லையிலே மூவர் திருப்பதிக ஏடுகள் ஓர் அறையிற் பூட்டப்பெற்றுச் செல்லரித்துக் கிடந்தமையும், நம்பியாண்டார் நம்பியின் வாயிலாக எஞ்சியவை வெளிப்பட்டமையும் திருமுறைகண்ட புராணம் கூறும் செய்திகளாம். இக்காலத்திற்கு வேண்டுவனவற்றை இறைவன் நிறுத்தியருளினான் என்பது சைவர் துணிபு. அதனை மறாதவரும், அவ்வறை திறந்திருந்து ஏடுகள் பலர் கைப்பட்டிருப்பின் கறையானுக்கு இடமேது என வினவுதல் தகும்.

பூட்டினால் நேர்ந்த கேடு அவ்வொன்றோடு ஒழிந்ததன்று. கரிவலம்வந்தநல்லூர்ச் சிவாலயத்திலிருந்த ஏடுகள் நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இடப்பெற்ற செய்தியை உ. வே. சாமிநாதையர் வருந்தி எழுதியுள்ளார். அவ்வையர்க்கே ஏடுகளை மனமுவந்து உதவிய திருவாவடுதுறை ஆதீனம் இதற்கு மறுதலையாய் நின்றது. அவ்வாறு கைமாறிய ஏடுகளே பின்னர் அச்சேறி உலகிற்குப் பயன்பட்டன.

ஏட்டுக் காலத்தில் இரவல் என்பது உடையவர் அருளைப் பொறுத்தது. அதனைக் கற்பார் யாவர்க்கும் உரிமையாக்க முயன்றவர் சி. இரா. அரங்கநாதனார். சம்பந்தப்பெருமான் தோன்றிய சீகாழியில் 1892இல் பிறந்த இவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆயினர். நூல்கள் பயன்படுதற்கே உரியன என்பது 1931இல் வெளிவந்த அவர்தம் நூலக விதிகளுள் முதலாவது.

அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், கனகசபைப் பிள்ளை என்பார் முயற்சியால், மாட்டுவண்டி நூலகம் ஒன்று புறப்பட்டது. தொடங்கிவைத்தவர் அரங்கநாதனாரே. கற்பார் நூலைத் தேடி அலைதல் ஒழிந்து, நூல் சிற்றூர்தோறும் சென்று அவர் வாயிலில் நின்றது. எருது இழுத்த அவ்வண்டி செய்த தொண்டினை மாளிகை நூலகங்கள் பல செய்திலாமை எண்ணத்தக்கது.

1948இல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வியமைச்சராயிருந்தபோது சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று. விடுதலைக்குப்பின் இந்நாட்டில் எழுந்த இத்தகைய சட்டங்களுள் இதுவே முதலாவது. மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழுவும், வீட்டுவரியோடு நூலக வரியும் அதனால் அமைந்தன. தில்லையும் தியாகதுருகமும் அந்நாளில் ஒரே தென்னார்க்காட்டு மாவட்டத்தின. எனவே ஏடுகள் பூட்டிக்கிடந்த தில்லைக்கும், கல்வராயன் மலைப்பக்கத்துத் துருகத்திற்கும் ஒரே சட்டம் ஒரே உரிமையை வழங்கிற்று.

இரவல் முறையும் எளியதே. நூலினுள் இருக்கும் சீட்டை உறுப்பினர் சீட்டோடு சேர்த்து, திரும்பவேண்டிய நாளின்கீழ் அடுக்கிவைப்பர். நூல் மீண்டதும் உறுப்பினர் சீட்டு அவர் கைக்கு வரும். நூல் அடுத்தவர்க்குச் செல்லும்.