தீவனமும் கீரையும்: ரத்தம் உறையாமையின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

மருந்துகளின் வரலாறு என்ற பெயரில் நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களின் வரலாறுகள்தாம். மாத்திரையை விழுங்குகிறவரும் உள்ளூர் டாக்டரும் அந்தக் கதையாடலுக்கு வெளியே நிற்கிறார்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினை முன்வைத்து இதைப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

1920களில் வட அமெரிக்காவில் மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. பூஞ்சை பிடித்த ஸ்வீட் க்ளோவர் தீவனமே காரணம் என்று கால்நடை மருத்துவர்கள் அப்போதே கண்டுவிட்டார்கள். 'அதைப் போடாதீர்கள்' என்றார்கள். வேறு தீவனம் வாங்க வழியில்லாதவன் என்ன செய்வான்? 1933இல், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, விஸ்கான்சின் விவசாயி ஒருவர் செத்த கிடேரியையும் உறையாத ரத்தத்தையும் கார்ல் பால் லிங்க்கின் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். அந்த ஆய்விலிருந்து வந்த வார்ஃபரின் 1948இல் எலிவிஷம்; 1954இல் மனிதருக்கு மருந்து. கண்டுபிடிப்பு வரலாறாயிற்று. அறிவுரைக்கும் வசதிக்கும் இடையிலிருந்த பள்ளம் அப்படியே கிடந்தது.

கடையநல்லூரில் நான் பார்ப்பது அந்தப் பள்ளத்தைத்தான். ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டவர்களுக்காகத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனம் உருவாக்கிய உள்நாட்டுச் செயற்கை வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. விலை குறைந்தது. ஆனால் இவ்வகை வால்வில் ரத்தம் கட்டாமலிருக்க ஆயுள் முழுக்க வார்ஃபரினோ அசிட்ரோமோ சாப்பிட வேண்டும். குறைந்தால் பக்கவாதம், கூடினால் ரத்தக்கசிவு. நடுவே ஐ.என்.ஆர். என்ற எண், பலருக்கு 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். அதை அடிக்கடி பார்க்க வேண்டும்.

எங்கள் தெருவில் பீடி சுற்றும் அக்கா ஒருவர் சொன்னார்: "பல்லு புடுங்கப் போனேன். ஆபரேசன் பண்ணுன எடத்துலயே எழுதி வாங்கிட்டு வாங்கன்னுட்டாரு. மலையத் தாண்டிப் போகணும். அன்னைக்குக் கூலி போச்சு." இன்னொரு டாக்டர் "கீரையே தொடாதீங்கம்மா" என்றாராம். முருங்கைக்கீரையிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும் என்பது உண்மை. தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட்டால் போதும் என்பதும் மருத்துவம் சொல்வதே.

டாக்டரைக் கூண்டில் ஏற்றிவிட்டு நகர்ந்துவிட முடியாது. அவர் கையில் அன்றைய எண் இல்லை. கசிவு வந்தாலோ பழி அவர் தலையில். அவருடைய பயமே விலக்காக மாறி நோயாளியின் அடுப்படிக்குள் நுழைகிறது. அதிகாரத்தின் மொழியில் பேசுவது இங்கே நிச்சயமின்மைதான்.

'டெஸ்ட் வேண்டாத புது மாத்திரை வந்தாச்சே' என்பார்கள். அவற்றில் ஒன்றான டாபிகாட்ரானைச் செயற்கை வால்வுக்காரர்களிடம் சோதித்த ஆய்வு, தீங்கு தெரிந்ததால் 2012இல் நிறுத்தப்பட்டது. ஆக, அக்காவுக்குப் பழைய மாத்திரைதான்.

விரல்நுனியின் ஒரு சொட்டு ரத்தத்தில் ஐ.என்.ஆர். சொல்லும் சிறு கருவி இருக்கிறது. அது நோயாளியின் ஊரிலேயே, அந்த டாக்டரின் மேசைமேல் இருக்க வேண்டும். அதுவரை, தேதி, எண், அரை மாத்திரையா முக்காலா, கீரை சாப்பிட்ட நாள் என்று அக்கா ஒரு பழைய நோட்டில் எழுதிவருகிறார். வார்ஃபரினின் வரலாற்றை எழுதப் புகுகிறவர்கள் அந்த நோட்டையும் படிக்க வேண்டும்.