மீன்கூடையும் வெள்ளிக் கோப்பையும்

சில ஆண்டுகளுக்கு முன்பு, விளையாட்டில் பெண்களின் வரலாறு குறித்த ஒரு வகுப்பில் கரும்பலகையில் ஆண்டு வரிசை ஒன்றை எழுதினேன். கோல்ஃப் என்பதற்கு நேராக 1867 என்று போட்டேன். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையிலுள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் பெண்களுக்கென ஒரு கோல்ஃப் சங்கம் தொடங்கப்பட்ட ஆண்டு அது. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "அதுக்கு முன்னாடி அந்தக் கடற்கரையில பொம்பளைங்களே இல்லையா மிஸ்?" வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அன்று சொல்லாத பதிலை இப்போது எழுதுகிறேன்.

கோல்ஃப் என்றதும் மதில், காவலாளி, வரிசையாக நிற்கும் கார்கள் ஆகியவைதான் நம் கண்முன் வருகின்றன. ஆனால் அந்த ஆட்டம் வளர்ந்த நிலம் அப்படிப்பட்டதல்ல. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் கடலுக்கும் வயலுக்கும் நடுவே மணல்மேடும் குட்டைப் புல்லுமாக ஒரு நிலப்பட்டை ஓடுகிறது. அதை லிங்க்ஸ் என்பார்கள். மணலும் உப்புக்காற்றும் உழவுக்கு ஆகாது என்பதால் அதில் பெரும்பகுதி ஊர்ப் பொதுநிலமாகக் கிடந்தது. ஆடு மேய்ந்தது, முயல் வளை தோண்டியது, மக்கள் பந்தடித்தார்கள். 1552இல் பேராயர் ஜான் ஹாமில்டன் செயின்ட் ஆண்ட்ரூஸ் லிங்க்ஸில் முயல் வளர்க்கும் உரிமையைப் பெற்றபோது, அங்கே கோல்ஃபும் கால்பந்தும் ஆடும் ஊராரின் உரிமையை ஒப்புக்கொண்டு எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது.

பெண்கள் அந்த நிலத்தில் துணி வெளுத்து உலர்த்தினார்கள். 19ஆம் நூற்றாண்டின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆட்ட விதிகளில் இதற்கென்றே ஒரு விதி இருந்தது: பந்து துணிமேல் விழுந்தால் துணியை அடியிலிருந்து உருவிக்கொள்ளலாம், சலவைத் தொட்டிக்கு அருகில் விழுந்தால் தொட்டியை நகர்த்தலாம். துணியும் தொட்டியும் விதிக்குள் வந்துவிட்டன. அவற்றுக்குப் பின்னால் குனிந்து நின்ற பெண் வரவில்லை.

அதே கரையில், எடின்பரோ நகரத்துக்குக் கிழக்கே ஆறு மைல் தொலைவில் மஸல்பரோ என்ற ஊர் இருக்கிறது. அதன் மீனவர் குடியிருப்பு ஃபிஷர்ரோ. அங்கே ஆண்கள் கடலுக்குப் போக, மீனைச் சுமந்து சென்று எடின்பரோவில் விற்பது பெண்களின் வேலை. நம் கடற்கரைப் பெண்கள் தலையில் கூடை வைப்பார்கள். அவர்கள் முதுகில் சுமந்தார்கள். அந்தப் பகுதியின் பாதிரியாரான அலெக்சாண்டர் கார்லைல் 1790களில் எழுதிய ஊர்க்குறிப்பில் இவர்களைப் பற்றிச் சொல்கிறார். மூன்று பெண்கள் ஒரு சுமையை நூறு கஜத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டு, ஐந்து மைல் தூரத்தை முக்கால் மணி நேரத்தில் கடந்தார்களாம். ஆண்களின் வேலையைச் செய்வதால் அவர்களுடைய பழக்கமும் ஆண்தன்மையாக இருக்கிறது என்பது அவருடைய கருத்து. அதற்கு அவர் காட்டும் சான்றுதான் நமக்குப் புதையல்: விடுமுறை நாட்களில் அவர்கள் கோல்ஃப் ஆடினார்கள். ஆண்டுக்கொரு முறை மணமானவர்களும் மணமாகாதவர்களும் எதிரெதிராகக் கால்பந்து ஆடினார்கள். எப்போதும் மணமானவர்களே ஜெயித்தார்கள்.

பாதிரியார் விந்தையாகப் பதிவு செய்ததை நாம் வேறுவிதமாகப் படிக்கலாம். உழைப்பில் உறுதிப்பட்ட உடலும் பொதுநிலமும் ஒரு நாள் ஓய்வும் கிடைத்தபோது பெண்கள் விளையாடினார்கள். யாரும் அவர்களுக்குக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை, அனுமதி தர வேண்டியும் இருக்கவில்லை.

1810 டிசம்பரில் மஸல்பரோ கோல்ஃப் சங்கத்து ஆண்கள் ஒரு தீர்மானம் எழுதினார்கள். வரும் புத்தாண்டுப் போட்டியில் மிக நன்றாக ஆடும் பெண்ணுக்குப் புதிய மீன்கூடை ஒன்றும் சால்வை ஒன்றும் பரிசு. கூடவே பார்சிலோனா பட்டுக் கைக்குட்டைகள் இரண்டு. செய்தியை மீன் விற்கும் பெண்களுக்குத் தெரிவிக்க வேண்டியது சங்கத்தின் ஊழியர் பொறுப்பு. பெண்களுக்கான கோல்ஃப் போட்டி பற்றி நாம் அறிந்த முதல் பதிவு இதுதான். நான் கரும்பலகையில் எழுதிய ஆண்டுக்கு 57 ஆண்டுகள் முந்தியது.

இதைக் கொண்டாடும்போதே பரிசையும் பார்க்க வேண்டும். அதே சங்கத்து ஆண்கள் 1774 முதல் வெள்ளிக் கோப்பைக்காக ஆடிவந்தார்கள். ஆணின் வெற்றி அலமாரியில் நிற்கும். பெண்ணின் வெற்றி மறுநாள் காலையில் மீனோடு அவள் முதுகில் ஏறும். தீர்மானத்தில் சங்கத் தலைவரின் பெயர் இருக்கிறது. ஆடவிருந்த பெண்களில் ஒருவரின் பெயர்கூட இல்லை.

அப்படியானால் கோல்ஃப் எப்போது ஆண்களின் ஆட்டமானது? ஒரு சங்கத்தின் இடப்பெயர்ச்சியைப் பின்தொடர்ந்தாலே விளங்கும். 1744இல் லீத் துறைமுகத்து லிங்க்ஸில் ஆட்டத்தின் முதல் 13 விதிகளை எழுதிய எடின்பரோ கனவான்களின் சங்கம், 1836இல் மஸல்பரோவுக்கு வந்தது. அங்கேயும் கூட்டம் பெருகியது. 1891இல் அதே கரையில் இன்னும் கிழக்கே, கல்லன் ஊரருகே முயர்ஃபீல்ட் என்ற தனக்கே உரிய மைதானத்துக்குப் போய்விட்டது. மீன்கூடையோடு போகிறவளும் நின்று ஒரு பந்தடிக்கக்கூடிய நிலத்திலிருந்து, உறுப்பினர் மட்டுமே கதவைத் திறக்கக்கூடிய நிலத்துக்கு ஆட்டம் நகர்ந்தது. உறுப்பினர் என்றால் ஆண்.

இதே காலத்தில்தான் மேல்தட்டுப் பெண்கள் தங்கள் வழியைத் தேடினார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸில் 1867இல் அவர்களுக்குக் கிடைத்தது, பந்தை மெல்ல உருட்டிக் குழியில் தள்ளும் ஒரு சிறு புல்தரை. மேடும் பள்ளமுமாக இருப்பதால் அதற்கு இமயமலை என்று பட்டப்பெயர், இன்றும் இருக்கிறது. 1890இல் வெளிவந்த ஒரு கோல்ஃப் நூலில் வெல்வுட் பிரபு, பெண்கள் எழுபது எண்பது கஜத்துக்கு மேல் பந்தடிக்க வேண்டாம் என்றார்; அதற்கு மட்டையைத் தோளுக்கு மேல் தூக்க வேண்டுமே, அது உடைக்குப் பொருந்தாது என்பது காரணம். ஃபிஷர்ரோ பெண்களின் தோள்கள் சுமந்ததை அவர் நினைத்துப் பார்க்கவில்லை. மூன்றே ஆண்டுகளில், 1893இல், இசெட் பியர்சனும் தோழியரும் பெண்கள் கோல்ஃப் ஒன்றியத்தை நிறுவினார்கள். அந்த ஆண்டே முதல் சாம்பியன் போட்டியும் நடந்தது. மார்கரெட் ஸ்காட் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வென்றார்.

அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கதவு அசையவில்லை. 1754இல் தோன்றிய செயின்ட் ஆண்ட்ரூஸின் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் சங்கம் பெண்களை உறுப்பினராக்கச் சம்மதித்தது 2014இல்தான். முயர்ஃபீல்டில் 2016 மே மாதம் வாக்கெடுப்பு நடந்தது. 64 விழுக்காட்டினர் ஆதரித்தும் மூன்றில் இரண்டு பங்கு தேவை என்பதால் தீர்மானம் தோற்றது. எதிர்த்தவர்கள் எழுதிய கடிதத்தில் ஆட்டத்தின் வேகம் குறையும் என்றும் மதிய உணவு ஏற்பாடு கெடும் என்றும் கவலைப்பட்டிருந்தார்கள். அன்றே, இந்த மைதானத்துக்கு இனி ஓபன் போட்டி இல்லை என்று போட்டியை நடத்தும் அமைப்பு அறிவித்தது. பத்து மாதம் கழித்து, 2017 மார்ச்சில் 80 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். ஆட்டத்தின் வேகம் பற்றிய கவலை அதற்குள் எங்கே போனதோ! 2019இல் முதல் 12 பெண்கள் உறுப்பினராக அழைக்கப்பட்டார்கள். 2022 ஆகஸ்டில் பெண்கள் ஓபன் போட்டி முதன்முறையாக முயர்ஃபீல்டில் நடந்தது. தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி புஹாய், கொரியாவின் சுன் இன்-ஜியைக் கூடுதல் ஆட்டத்தின் நான்காவது சுற்றில் வென்றார்.

இந்த மாற்றத்தைச் சிறிதென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் செய்திகளில் திரும்பத் திரும்ப வந்த ஒரு சொல்லை ஏற்க முடியவில்லை: மரபு. பெண்களை விலக்கியது பழைய மரபென்றும், இப்போது அவர்கள் அதற்குள் புதிதாக நுழைகிறார்களென்றும் எழுதினார்கள். அந்தக் கரையின் வரலாறு தலைகீழானது. பெண்கள் முன்பே ஆடினார்கள், விலக்கு பின்னால் வந்தது. பொதுநிலம் தனிநிலமானபோது, விளையாட்டு கௌரவமானபோது அது உருவாக்கப்பட்டது. நானும் 1867 என்று எழுதியபோது, சங்கப் பதிவேட்டில் இடம்பெற்ற பெண்ணை மட்டுமே பெண்ணாகக் கணக்கிட்டேன். கூடை சுமந்தவளை நான் விலக்கியது ஆணாதிக்கத்தால் மட்டுமல்ல, வர்க்கப் பார்வையாலும்தான்.

இன்றைய 12 பேருக்குத் திறந்த கதவு ஃபிஷர்ரோ பெண்ணின் பேத்திக்கும் திறக்குமா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. சென்ற ஆண்டு அதே பாடத்தை மீண்டும் எடுத்தேன். 1867க்கு மேலே 1810 என்று எழுதி, பக்கத்தில் "மஸல்பரோ, மீன் விற்கும் பெண்கள், பரிசு ஒரு கூடை" என்று சேர்த்தேன். அதற்கும் மேலே கொஞ்சம் இடம் விட்டுவைத்தேன். யாராவது ஒரு மாணவி அங்கே எழுத எதையாவது கொண்டுவருவாள்.