புகைபிடித்தல் - நுரையீரல் புற்றுநோய் விவாதம்

புகைபிடித்தல் - நுரையீரல் புற்றுநோய் விவாதம் என்பது, சிகரெட் புகைப்பது நுரையீரல் புற்றுநோயை உண்டாக்குகிறதா என்பது குறித்து 1950 முதல் ஐக்கிய இராச்சியத்திலும் ஐக்கிய அமெரிக்காவிலும் நிகழ்ந்த நீண்ட கருத்து மோதலைக் குறிக்கும். மருத்துவர்கள், புள்ளியியலாளர்கள், புகையிலை நிறுவனங்கள், அரசுகள் என்போர் இதில் பங்கெடுத்தனர். அறிவியல் அளவில் இவ்விவாதம் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளில் முடிவுற்றது. பொதுமக்களிடையே அது மேலும் பல பத்தாண்டுகள் நீடித்தது. இந்த இடைவெளி தானாக ஏற்பட்டதன்று.

பின்னணி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நுரையீரல் புற்றுநோய் அரிய நோயாகவே இருந்தது. நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் இங்கிலாந்தில் இந்நோயால் இறக்கும் ஆண்களின் எண்ணிக்கை பன்மடங்காகியது. மோட்டார் வாகனப் புகையும் சாலைகளுக்கு இடப்படும் தாரும் முதலில் ஐயத்துக்கு உள்ளாயின. எக்சு கதிர்ப் படங்களால் நோயைக் கண்டறிவது எளிதாகியதே எண்ணிக்கை கூடியதற்குக் காரணம் என்றும் சிலர் கருதினர். செருமனியில் 1939இலும் 1943இலும் புகைபிடித்தலை இந்நோயுடன் தொடர்புபடுத்தும் ஆய்வுகள் வெளியாகியிருந்தன. ஆயினும் போர்க்காலச் சூழலால் அவை பிற நாடுகளில் அதிகம் கவனிக்கப்படவில்லை.

1950ஆம் ஆண்டு ஆய்வுகள்

1950 மே மாதத்தில் அமெரிக்காவின் எர்ன்சுட்டு வைண்டர், எவார்ட்சு கிரகாம் ஆகியோரின் ஆய்வும், செப்டம்பரில் ரிச்சர்ட் டால், பிராட்போர்டு ஹில் ஆகியோரின் ஆய்வும் வெளிவந்தன. டாலும் ஹில்லும் இலண்டன் மருத்துவமனைகளில் இருந்த, நுரையீரல் புற்றுநோய் கண்ட 649 ஆண்களையும், பிற நோய்களுக்காக அனுமதிக்கப்பட்ட 649 ஆண்களையும் ஒப்பிட்டனர். முதல் பிரிவில் புகைக்காதவர்கள் 2 பேர். இரண்டாம் பிரிவில் 27 பேர். புகைக்காத ஆணைக் காண்பதே அன்று அரிதாக இருந்தது என்பதையும் இவ்வெண்கள் காட்டுகின்றன. சாலைத் தாரே காரணமாக இருக்கலாம் என எண்ணி ஆய்வைத் தொடங்கிய டால், முடிவுகளைக் கண்டபின் தாமே புகைப்பதை விட்டுவிட்டார். கிரகாமும் பின்னர் விட்டார். எனினும் 1957இல் நுரையீரல் புற்றுநோயாலேயே இறந்தார்.

இவ்வகை ஆய்வுக்கு ஒரு குறை உண்டு. நோயாளிகள் தம் பழைய பழக்கத்தை நினைவிலிருந்து கூறுகின்றனர். அந்நினைவு பிழையாக இருக்கலாம். இதனைத் தவிர்க்க, டாலும் ஹில்லும் 1951இல் பிரித்தானிய மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதி அவர்களது புகைக்கும் பழக்கத்தைப் பதிவு செய்தனர். 40,000க்கும் மேற்பட்டோர் பதிலளித்தனர். பின்னர் யார் எந்த நோயால் இறக்கிறார் என்பது தொடர்ந்து கவனிக்கப்பட்டது. 1954இல் வெளியான முதல் முடிவுகளிலேயே, புகைக்கும் அளவு கூடக்கூட நுரையீரல் புற்றுநோய் இறப்பு வீதமும் கூடுவது தெரிந்தது.

ஃபிஷரின் மறுப்பு

இம்முடிவுகளை எதிர்த்தவர்களுள் முதன்மையானவர் ரொனால்ட் ஃபிஷர். நவீன புள்ளியியலின் அடித்தளத்தை அமைத்தவர்களுள் ஒருவர், மரபியலாளரும் ஆவார். இரண்டு நிகழ்வுகள் சேர்ந்து காணப்படுவதால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது என்பது அவரது வாதம். புகைக்கத் தூண்டும் மரபணுவே புற்றுநோய்க்கும் வழிவகுக்கலாம் என்றார். ஒத்த இரட்டையரின் புகைக்கும் பழக்கம், ஒவ்வா இரட்டையரின் பழக்கத்தைவிட அதிகமாக ஒத்திருப்பதை 1958இல் சான்றாகக் காட்டினார்.

ஃபிஷர் புகைக்குழாய் பிடிப்பவர். புகையிலை உற்பத்தியாளர் அமைப்பொன்றின் ஆலோசகராகவும் இருந்தார். இதைக் கொண்டு அவரது வாதத்தை ஒதுக்கிவிடுவது எளிது, ஆனால் சரியன்று. மக்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பகுதியினரைப் பல ஆண்டுகள் புகைக்கச் செய்து சோதிக்க இயலாது. ஆகவே அவர் எழுப்பிய வினாவுக்கு வேறு வழியில் விடை தேவைப்பட்டது.

1959இல் செரோம் கார்ன்ஃபீல்டும் அவரது சக ஆய்வாளர்களும் அவ்விடையை அளித்தனர். புகைப்பவருக்கு நோய் வாய்ப்பு ஒன்பது மடங்கு எனக் கொள்வோம். இது முழுவதும் ஒரு மறைவான பண்பால் விளைவது என்றால், அப்பண்பு புகைக்காதவரைக் காட்டிலும் புகைப்பவரிடம் குறைந்தது ஒன்பது மடங்கு மிகுதியாக இருக்க வேண்டும். புகைக்காதவருள் 10 விழுக்காட்டினரிடம் அது இருந்தால், புகைப்பவருள் 90 விழுக்காட்டினரிடம் இருக்க வேண்டும். 20 விழுக்காட்டினரிடம் இருந்தால் கணக்கே பொருந்தாது. அத்தகைய பண்பு எதையும் எவரும் காட்டவில்லை. மேலும், மரபணுக்கள் ஒரே தலைமுறையில் மாறிவிடா. ஆகவே நோயின் திடீர்ப் பெருக்கத்தை மரபணுக் கருதுகோளால் விளக்க முடியவில்லை. புகைப்பதை விட்டவருக்கு ஆபத்து குறைவதையும் அது விளக்கவில்லை.

ஃபிஷர் கூறியதை ஒத்த மரபணு வேறுபாடு ஒன்று 2008இல் 15ஆம் குரோமோசோமில் கண்டறியப்பட்டது. அது புகைக்கும் அளவுடனும் நுரையீரல் புற்றுநோயுடனும் தொடர்புடையது. ஆனால் அதன் ஒரு படி நோய் வாய்ப்பை ஏறத்தாழ 1.3 மடங்கே கூட்டுகிறது.

புகையிலை நிறுவனங்களின் பங்கு

1953 டிசம்பரில் அமெரிக்கப் புகையிலை நிறுவனங்களின் தலைவர்கள் நியூயார்க்கில் கூடினர். 1954 சனவரி 4 அன்று 400க்கும் மேற்பட்ட நாளிதழ்களில் முழுப்பக்க அறிக்கை ஒன்றை வெளியிட்டனர். மக்களின் உடல்நலமே தமக்கு முதன்மையானது என்றும், புற்றுநோய்க்கான காரணம் பற்றி ஆய்வாளரிடையே உடன்பாடு இல்லை என்றும் அது கூறியது. ஆய்வுக்கு நிதி வழங்க ஒரு குழுவும் அமைக்கப்பட்டது. புகையிலை தீங்கற்றது என நிறுவுவது இதன் வழிமுறை அன்று; வினா இன்னும் திறந்தே இருக்கிறது என மக்கள் நம்பினால் போதுமானதாக இருந்தது. ஐயமே தாங்கள் விற்கும் பண்டம் என்று 1969ஆம் ஆண்டின் நிறுவனக் குறிப்பொன்று வெளிப்படையாகவே கூறுகிறது.

அரசு அறிக்கைகளும் வழக்குகளும்

1962இல் இலண்டன் அரச மருத்துவர் கல்லூரியும், 1964 சனவரி 11 அன்று அமெரிக்கத் தலைமை அறுவை மருத்துவர் லூதர் டெர்ரியும் புகைபிடித்தல் நோய்க்குக் காரணம் என அறிவித்தனர். டெர்ரியின் அறிக்கை சனிக்கிழமையில் வெளியிடப்பட்டது. பங்குச் சந்தை அதிர்ச்சியைத் தவிர்ப்பது ஒரு நோக்கமாகும். 1971 முதல் அமெரிக்க வானொலி, தொலைக்காட்சிகளில் சிகரெட் விளம்பரம் தடைசெய்யப்பட்டது.

1994இல் ஏழு நிறுவனத் தலைவர்கள், நிக்கோட்டின் அடிமைப்படுத்துவதில்லை எனத் தாம் நம்புவதாக அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் உறுதிமொழியளித்துச் சாட்சியம் கூறினர். நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக மக்களை ஏமாற்றியதாக 2006இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு கோரிய திருத்த அறிக்கைகள், மேல்முறையீடுகளுக்குப் பின் 2017இலேயே நாளிதழ்களில் வெளிவந்தன.

தமிழ்நாட்டு ஆய்வு

பிரித்தானிய மருத்துவர் ஆய்வில் டாலுடன் பணியாற்றிய ரிச்சர்ட் பீட்டோ, சென்னையைச் சேர்ந்த வே. கஜலட்சுமி முதலியோருடன் இணைந்து தமிழ்நாட்டில் ஏறத்தாழ 43,000 ஆண்களின் இறப்புகளை ஆராய்ந்தார். முடிவுகள் 2003இல் லான்செட் இதழில் வெளியாயின. பீடியும் பரவலாகப் புகைக்கப்படும் இப்பகுதியில் மிகுதியான இறப்புகளுக்கு நுரையீரல் புற்றுநோய் முதன்மைக் காரணமாக இருக்கவில்லை. காசநோயும் இதய, இரத்தக்குழாய் நோய்களுமே முன்னின்றன. புகைத்த ஆண்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு, புகைக்காதவர்களைவிட நான்கு மடங்குக்கும் அதிகமாக இருந்தது.