ஆண்கள் இயக்கம் பிளந்த கதை

ஆண்கள் இயக்கம் 1970களில் அமெரிக்காவில், பெண் விடுதலை இயக்கத்தின் கூடப்பிறப்பாகவே தோன்றியது. சம்பாதிக்க வேண்டும், அழக் கூடாது, அடக்கி ஆள வேண்டும் என்ற வார்ப்பு ஆணையும் நசுக்குகிறது என்பதே அதன் முதல் பேச்சு. அதன் முக்கியக் குரலான வாரன் ஃபாரெல், தேசியப் பெண்கள் அமைப்பின் நியூயார்க் கிளை நிர்வாகத்தில் இருந்தவர். மணமுறிவுக்குப் பின் குழந்தை யாரிடம் வளர்வது என்ற கேள்வியில் அவ்வமைப்போடு முரண்பட்டு விலகினார். ஆணுக்கு அதிகாரம் இருப்பதாகச் சொல்வதே கட்டுக்கதை என்று 1993இல் நூலும் எழுதினார். இயக்கத்தின் முதற்பெரும் பிளவு அவர் ஒருவரின் வாழ்க்கையிலேயே தெரிகிறது.

இந்தியாவில் ஆண்களைத் திரட்டியது ஒரு சட்டப் பிரிவு. வரதட்சணைச் சாவுகள் நாட்டை உலுக்கிய காலத்தில், 1983இல், இந்திய தண்டனைச் சட்டத்தில் 498ஏ சேர்க்கப்பட்டது. மனைவியைக் கொடுமைப்படுத்தும் கணவனுக்கும் அவன் உறவினருக்கும் 3 ஆண்டு வரை சிறை. ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம். அதன் தேவையை மறுக்க முடியாது.

முதலில் எழுந்த ஒரு கிளை பெண்களின் பக்கம் நின்றது. மனைவியை அடிப்பதை எதிர்க்கும் ஆண்கள் முன்வரலாம் என்று 1991இல் வந்த ஒரு பத்திரிகை விளம்பரத்துக்குக் கிடைத்த பதில்களிலிருந்து, 1993இல் மும்பையில் 'மாவா' அமைப்பு உருவானது. எதிர்த்திசையில், 498ஏ வழக்குகளில் சிக்கியவர்களைச் சேர்த்துக்கொண்டு 2005இல் பெங்களூரில் 'சேவ் இந்தியன் ஃபேமிலி' தொடங்கியது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் 498ஏ செல்லும் என்றது. தவறாகப் பயன்படுத்தினால் அது சட்டப் பயங்கரவாதமாகிவிடும் என்றும் எச்சரித்தது. 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில், விசாரிக்காமல் உடனே கைது செய்யும் வழக்கத்துக்குக் கடிவாளம் போட்டது. இயக்கம் கேட்டதில் நியாயமான பகுதி அதுவே.

அதன் பிறகும் கிளைகள் பிரிந்தன. பிள்ளையைப் பார்க்க முடியாத தந்தையர் கூட்டுப் பொறுப்பு கேட்டனர். 2015இல் சட்ட ஆணையத்தின் 257ஆம் அறிக்கை அதற்கு ஆதரவாகப் பரிந்துரைத்தது. வேறு சிலர் திருமண உறவுக்குள் நடக்கும் வன்புணர்வைக் குற்றமாக்கக் கூடாதென்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் வாதாடினர். தந்தையின் ஏக்கத்தையும் இந்த வாதத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

இந்தச் சட்டங்களைக் காரைக்காலில் வைத்தும் பார்க்கலாம். இங்கே குடும்பச் சட்டத்துக்குப் பிரெஞ்சு அடித்தளம் உண்டு. தம் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்க 1881 ஆணை வழிவிட்டது. அப்படித் துறந்தவர்கள் 'ரெனோன்சான்'கள். இந்து திருமணச் சட்டம் 1963 அக்டோபர் 1இல் இங்கே வந்தபோதும் அவர்களுக்கு விலக்கு கிடைத்தது. தண்டனைச் சட்டத்தில் அப்படி விலக்கில்லை. காரைக்காலின் நில எல்லை எங்கும் தமிழ்நாடு. பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லை பார்த்து நடப்பதில்லை. கணவன் வீட்டை விட்டு வந்த பெண் தான் தஞ்சம் புகுந்த ஊரிலேயே புகார் தரலாம் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காரைக்கால் மாப்பிள்ளை மீதான புகார் வாஞ்சூர் எல்லைக்கு அப்பால் நாகூரில் பதிவாகலாம் என்பது இதன் பொருள். அலைச்சல் இப்போது ஆணுக்கு. அதற்கு முன் அது பெண்ணின் தலையில் இருந்தது. அடிபட்டு வந்தவளை அலையவிடாத இந்தத் தீர்ப்பே சரி.

498ஏ இன்று, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86ஆம் பிரிவுகளாக நிற்கிறது. சட்ட வாதங்களுக்கு அப்பால் எல்லாக் கிளைகளுக்கும் பொதுவான துயரம் ஒன்று உண்டு. 2022இல் நாட்டில் தற்கொலை செய்துகொண்ட 1,70,924 பேரில் 1,22,724 பேர் ஆண்கள். மிகுதியாகச் சொல்லப்பட்ட காரணம் குடும்பப் பிரச்சினை. எல்லாரையும் சேர்த்து லட்சம் பேருக்கு 12.4 என்பது அந்த ஆண்டு நாட்டின் தற்கொலை விகிதம். காரைக்கால் அடங்கிய புதுச்சேரியில் அது 29.7.