எதிரணி தோளில் தூக்கிய ஆட்டக்காரர்

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

கிறிஸ்டி ரிங் என்ற பெயரை உங்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அயர்லாந்துக்காரர். பிழைப்புக்கு லாரி ஓட்டியவர். ஹர்லிங் என்ற விளையாட்டில் யார் பெரிய ஆட்டக்காரர் என்று அந்த நாட்டில் பேச்சு வந்தால், அவர் இறந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், முதலில் வரும் இரண்டு மூன்று பெயர்களில் அவர் பெயர் இருக்கும்.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். அணிக்கு 15 பேர். கையில் ஆஷ் மரத்தில் செய்த, அடிப்பக்கம் அகன்று வளைந்த மட்டை. தோல் போர்த்திய சின்னப் பந்து. அதைத் தரையிலும் அடிக்கலாம், அந்தரத்திலும் அடிக்கலாம். மட்டை நுனியில் நிறுத்திக்கொண்டே ஓடவும் செய்யலாம். இரண்டு கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கம்பத்துக்கு மேலே பந்து போனால் ஒரு புள்ளி. கீழே வலைக்குள் போனால் கோல். அது மூன்று புள்ளிக்குச் சமம். கணக்கை '2-14' என்று எழுதுவார்கள். இரண்டு கோல், 14 புள்ளி, ஆக மொத்தம் 20 என்று பொருள். ரிங் ஆடிய காலத்தில் தலைக்கவசம் கிடையாது. முப்பது பேர் மட்டையைச் சுழற்றும் இடத்தில் வெறுந்தலையோடு ஓடுவார்கள்!

இந்த விளையாட்டு இன்று உயிரோடு இருப்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. அயர்லாந்து பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தபோது, 1884 நவம்பர் 1 அன்று, துர்லஸ் என்ற ஊரின் ஒரு ஹோட்டலில் சிலர் கூடி கேலிக் விளையாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஆங்கிலேயரின் விளையாட்டுகள் பரவிவர, மண்ணின் விளையாட்டுகள் தேய்ந்துகொண்டிருந்தன. அதைத் தடுப்பதுதான் நோக்கம். அந்தச் சங்கத்துக்கு அடித்தளமாக அமைந்தது பங்கு. நம்மூர் கத்தோலிக்கர்கள் சொல்வார்களே, ஒரு கோயிலைச் சேர்ந்த பங்கு, பங்குத் தந்தை என்று, அதே பங்குதான். ஒரு பங்குக்கு ஒரு மன்றம். மன்றத்தில் நன்றாக ஆடினால் கவுண்டி அணிக்கு எடுப்பார்கள். கவுண்டி என்பதை நம் மாவட்டம் போல வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் கிடையாது. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. பல்லாயிரம் பேர் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் இறுதிப் போட்டியில் ஆடியவர், திங்கட்கிழமை காலை தன் வேலைக்குப் போவார்.

ரிங் 1920 அக்டோபரில் கார்க் கவுண்டியின் கிளாய்ன் என்ற சிற்றூர்ப் பக்கம் பிறந்தார். சிறு வயதிலேயே படிப்பு நின்றது. மெக்கானிக் வேலை பழகினார். பிறகு கார்க் நகருக்கு வந்து லாரி ஓட்டினார். பின்னாளில் ஷெல் கம்பெனியின் எண்ணெய் டேங்கர். 1941இல் சொந்த ஊர் மன்றத்தை விட்டு, நகரின் வடபகுதியில் பிளாக்பூலில் இருந்த க்ளென் ரோவர்ஸ் மன்றத்தில் சேர்ந்தார். பங்கின் பெயரால் ஆடும் விளையாட்டில் மன்றம் மாறுவது சின்ன விஷயம் அல்ல. ஆனால் மாறிய பின் 1967 வரை, 46 வயது வரை, அந்த ஒரே மன்றத்துக்குத்தான் ஆடினார். அங்கே அவரோடு ஆடியவர்களில் ஒருவர் ஜாக் லிஞ்ச். லிஞ்ச் பின்னாளில் வழக்கறிஞராகி, அரசியலுக்கு வந்து, நாட்டின் பிரதமரும் ஆனார். ஒரே உடைமாற்றும் அறையில் ஒரு லாரி ஓட்டுநரும் ஒரு வருங்காலப் பிரதமரும்!

கார்க் அணி 1941 முதல் 1944 வரை தொடர்ந்து நான்கு முறை அகில அயர்லாந்து கோப்பையை வென்றது. நான்கிலும் ரிங் உண்டு. 1941இல் ஒரு வேடிக்கை நடந்தது. அந்த ஆண்டு மாடுகளுக்குக் கோமாரி நோய் பரவியதால், டிப்பரெரி அணி பயணம் செய்ய முடியவில்லை. மன்ஸ்டர் மாகாண இறுதிப் போட்டியை நடத்த வழியில்லாமல் கார்க்கை நேராக அகில அயர்லாந்துப் போட்டிக்கு அனுப்பினார்கள். கார்க் டப்ளினை வென்று கோப்பையும் வாங்கியது. அதன் பிறகு, ஒத்திவைத்த மாகாண இறுதிப் போட்டியில் டிப்பரெரியிடம் தோற்றது. நாட்டுக்கே சாம்பியன், மாகாணத்தில் தோல்வி!

1944இல் உலகப் போர் காரணமாகப் பெட்ரோல் கிடைக்கவில்லை. கார்க்குக்கும் லிமெரிக்குக்கும் துர்லஸில் நடந்த மன்ஸ்டர் இறுதிப் போட்டிக்கு மக்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் மிதித்து வந்தார்கள். அதனால் அதற்கு 'சைக்கிள் இறுதிப் போட்டி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஆட்டம் சமனில் முடிந்தது. மறு ஆட்டத்தில் கடைசி நேரத்தில் ரிங் அடித்த கோல்தான் கார்க்கைக் கரை சேர்த்தது. லிமெரிக்கின் மிக் மேக்கி அந்தத் தலைமுறையின் இன்னொரு மாபெரும் ஆட்டக்காரர். இந்த இருவரில் யார் பெரியவர் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நான் அதில் தலையிடப் போவதில்லை.

1946இல் ரிங் கேப்டனாக நின்று கில்கென்னியை 7-5க்கு 3-8 என்று வென்றார். நெடுந்தூரம் பந்தை மட்டையில் ஏந்தி ஓடி அவர் அடித்த கோலை அதைப் பார்த்தவர்கள் வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு 1952, 1953, 1954 என்று மூன்று கோப்பைகள். ஆக மொத்தம் எட்டு. அதற்கு முன் எட்டுப் பதக்கம் வாங்கியவர் எவரும் இல்லை. மாகாணங்களுக்கு இடையே நடந்த ரயில்வே கோப்பையில் மன்ஸ்டருக்காக ஆடி வாங்கிய பதக்கங்கள் 18.

அவரைக் குறை இல்லாத மனிதராகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. களத்தில் முரட்டு ஆள். 1953 இறுதிப் போட்டியில் அவரை மறித்து ஆடிய கால்வே வீரருக்கு முகத்தில் அடிபட்டது. கால்வேக்காரர்கள் ரிங்கைத்தான் குற்றம் சாட்டினார்கள். அந்தக் கோபம் கார்க் அணி தங்கியிருந்த ஹோட்டல் வரை வந்தது. அடுத்த ஆண்டு, 84,856 பேர் பார்த்த இறுதிப் போட்டியில் வெக்ஸ்ஃபோர்ட் அணியின் தடுப்பாட்டக்காரர் நிக் ஓ'டானல் ரிங்கோடு மோதிக் காறையெலும்பு முறிந்து வெளியேறினார். கார்க் வென்றது. எட்டாவது பதக்கம் அந்த ஆட்டத்தில்தான் கிடைத்தது. ஓ'டானலின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1956க்கு வருவோம். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அந்த ஓர் ஆட்டத்துக்காகத்தான்.

ரிங்குக்கு வயது 35. லிமெரிக்குக்கு எதிரான மன்ஸ்டர் இறுதிப் போட்டியில் வெகுநேரம் ஒன்றுமே செய்யவிடாமல் அவரைக் கட்டிப்போட்டிருந்தார்கள். கடைசிக் கட்டத்தில் சில நிமிடங்களுக்குள் மூன்று கோல் அடித்தார்! கார்க் அகில அயர்லாந்து இறுதிப் போட்டிக்குப் போனது. எதிரே மறுபடியும் வெக்ஸ்ஃபோர்ட். அந்த ஆண்டு கார்க்கில் இளம்பிள்ளை வாதம் பரவியதால், செப்டம்பர் தொடக்கத்தில் நடக்க வேண்டிய போட்டி 23ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. டப்ளின் குரோக் பார்க்கில் 83,096 பேர். ரிங் வென்றால் ஒன்பதாவது பதக்கம்.

முடிய சில நிமிடங்கள். வெக்ஸ்ஃபோர்ட் இரண்டு புள்ளி முன்னால் நிற்கிறது. ஒரு கோல் விழுந்தால் கார்க் ஒரு புள்ளி முந்திவிடும். பந்து ரிங்கிடம் வருகிறது. தடுப்பாட்டக்காரரைத் தாண்டி, அவர் எத்தனையோ முறை கோல் அடித்த தூரத்திலிருந்து பலமாக அடிக்கிறார். வெக்ஸ்ஃபோர்ட் கோல்கீப்பர் ஆர்ட் ஃபோலி, சின்ன உருவம், அந்தப் பந்தைத் தடுத்துப் பிடித்து வெளியே அடித்துவிட்டார். வேகத்தில் உள்ளே ஓடிவந்த ரிங், ஆட்டம் இன்னும் நடந்துகொண்டிருக்கும்போதே ஃபோலியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதற்குள் பந்து கை மாறி மறுமுனைக்குப் போய், நிக்கி ராக்கார்ட் அதை வலைக்குள் அனுப்பிவிட்டார். வெக்ஸ்ஃபோர்ட் 2-14, கார்க் 2-8.

ஆட்டம் முடிந்ததும் வென்றவர்கள் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? வெக்ஸ்ஃபோர்ட்டின் இரண்டு தடுப்பாட்டக்காரர்கள், பாபி ராக்கார்டும் நிக் ஓ'டானலும், தோற்ற அணியின் ரிங்கைத் தோளில் தூக்கிக்கொண்டு களத்தை விட்டு வெளியே வந்தார்கள். இரண்டு ஆண்டுக்கு முன் அதே ரிங்கோடு மோதி எலும்பு முறிந்தவர் ஓ'டானல். தூக்கிய தோள்களில் ஒன்று அவருடையது.

வெற்றிக் கோப்பை கைக்கு வருமுன் எதிரியைத் தூக்கியவர்களை வேறு விளையாட்டுகளில் நான் அதிகம் படித்ததில்லை. அவர்கள் யாருக்கும் இதில் ஒரு பைசா வரவில்லை. ரிங் அதோடு முடிந்துவிட்டார் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். அவர் நிறுத்தவில்லை. ஒன்பதாவது பதக்கத்துக்காக இன்னும் பல ஆண்டுகள் கார்க்குக்கு ஆடினார். அது கடைசி வரை கிடைக்கவே இல்லை.

1957இல் எடுத்த ஒரு புகைப்படம் அயர்லாந்தில் மிகப் பிரபலம். மணிக்கட்டில் அடிபட்டு ரிங் களத்தை விட்டு வெளியே நடக்கிறார். அன்றைக்கு அம்பயராக நின்றவர் பழைய எதிரி மிக் மேக்கி. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தபடி ஏதோ சொல்லிக்கொள்கிறார்கள். என்ன சொன்னார்கள் என்று கடைசி வரை இருவரும் வாய் திறக்கவில்லை.

ஆட்டம் ஓய்ந்த பிறகு ரிங் கார்க் அணியின் தேர்வாளர்களில் ஒருவராக இருந்தார். அவர்கள் தேர்ந்தெடுத்த அணி 1976, 1977, 1978 மூன்று ஆண்டும் கோப்பையை வென்றது. அடுத்த ஆண்டு மார்ச் 2 அன்று, கார்க் நகரத் தெருவில் நடந்து போனபோது மாரடைப்பால் விழுந்து இறந்தார். வயது 58. முப்பத்தெட்டு ஆண்டுக்கு முன் விட்டுப்போன கிளாய்னுக்கே உடலைக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். அப்போது பிரதமராக இருந்தவர் ஜாக் லிஞ்ச். கல்லறையருகே நின்று இரங்கல் உரை ஆற்றியவர் அவர்தான்.

கிளாய்னில் இப்போது ரிங்குக்கு ஒரு சிலை இருக்கிறது, மட்டையோடு.