ஓஎஸ்-ரிலீஸ் பிறந்த கதை

ஒரு சர்வரில் ஏதாவது நிறுவப் போகும் ஸ்கிரிப்டுக்கு முதலில் தெரிய வேண்டியது, அங்கே ஓடுவது எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு என்பது. உபுண்டு என்றால் நிறுவும் கருவி ஆப்ட். ரெட் ஹேட் என்றால் யம். யூநேம் கட்டளையைக் கேட்டால் கர்னலின் பதிப்பைச் சொல்லுமே தவிர, டிஸ்ட்ரோ, அதாவது உபுண்டு, ரெட் ஹேட் போன்ற லினக்ஸ் வகை, எதுவென்று தெளிவாகச் சொல்லாது.

முன்பு ஒவ்வொரு டிஸ்ட்ரோவும் எட்சி அடைவுக்குள் தன் பெயரில் ஒரு கோப்பைப் போட்டு வைத்திருந்தது. ரெட்ஹேட்-ரிலீஸ், சூசே-ரிலீஸ், டெபியன்-வெர்ஷன், ஸ்லாக்வேர்-வெர்ஷன் என்று ஆளுக்கொன்று. ஒன்றில் முழு வாக்கியம், இன்னொன்றில் வெறும் எண். டெபியன் வழிவந்த உபுண்டுவிலும் டெபியன்-வெர்ஷன் கோப்பு உண்டு. உபுண்டு 20.04-இல் அதைத் திறந்தால் ‘புல்ஸ்ஐ/சிட்’ என்றுதான் இருக்கும், 20.04 என்ற எண்ணையே காணோம். ஆரக்கிள் லினக்ஸில் ரெட்ஹேட்-ரிலீஸ் கோப்பும் இருக்கும், உள்ளே ரெட் ஹேட் என்றே எழுதியிருக்கும். அதை முதலில் படிக்கிற ஸ்கிரிப்ட் ஏமாந்தது. எந்தக் கோப்பை முதலில் பார்ப்பது என்ற வரிசைதான் அந்தக் காலத்து நிர்வாகிகளின் தொழில் ரகசியம்.

லினக்ஸ் ஸ்டாண்டர்ட் பேஸ் என்ற பொதுத் தரம் எல்எஸ்பி-ரிலீஸ் என்றொரு கட்டளையைத் தந்தது. நல்ல யோசனைதான். ஆனால் பல சர்வர்களில் அது இருக்காது, தனியாக நிறுவ வேண்டும். அதன் பொதியின் பெயரோ டிஸ்ட்ரோவுக்கு டிஸ்ட்ரோ வேறு. எந்த டிஸ்ட்ரோ என்று அறிய ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலை நிறுவ எந்த டிஸ்ட்ரோ என்று தெரிய வேண்டும்!

தீர்வு வந்தது பூட் ஆகும்போது தெரியும் வரவேற்பு வரியிலிருந்து. பல டிஸ்ட்ரோக்களில் பூட் வேலையைக் கவனிக்கும் சிஸ்டம்டி, எந்த லினக்ஸ் எழுகிறது என்று திரையில் பெயரோடு சொல்ல விரும்பியது. அந்த ஒரு வரிக்காக ஒவ்வொரு டிஸ்ட்ரோவுக்கும் ஒரு துண்டு நிரல் எழுத வேண்டியிருந்தது. அதற்குப் பதிலாக ஓஎஸ்-ரிலீஸ் என்ற பொதுக் கோப்பு ஒன்றை சிஸ்டம்டி குழு கொண்டு வந்தது. டிஸ்ட்ரோவின் பெயரைச் சொல்லும் ஐடி, பதிப்பைச் சொல்லும் வெர்ஷன்-ஐடி, எந்தக் குடும்பம் என்று சொல்லும் ஐடி-லைக், எல்லாம் ஷெல் நேரடியாகப் படிக்கும் வடிவில் வரிக்கு ஒன்று. அந்த வரவேற்பு வரிக்கான நிறத்தைக் குறிக்கும் ஒரு புலம்கூட அதில் இன்றும் உண்டு. பெரிய டிஸ்ட்ரோக்களில் பெரும்பாலானவை ஏற்றுக்கொண்ட பிறகு, 2012-இல், கோப்பு இல்லாதவற்றுக்கு இனி ஆதரவில்லை என்று சிஸ்டம்டியை உருவாக்கியவர்களில் ஒருவரான லெனார்ட் போயட்டரிங் அறிவித்தார்.

சிஸ்டம்டியின் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. இந்தக் கோப்பை மட்டும் அவர்களும் தள்ளவில்லை. சிஸ்டம்டி இல்லாத ஆல்பைன் லினக்ஸிலும் அது இருக்கிறது. லினக்ஸே அல்லாத ஃப்ரீபிஎஸ்டியும் 13.0 பதிப்பிலிருந்து அதை வைத்திருக்கிறது. காரணம் எளிது: நிறுவ எதுவும் இல்லை, அது வெறும் எழுத்துக் கோப்பு. பைதானும் டிஸ்ட்ரோவைத் தானே ஊகிக்கும் வேலையை 3.8 பதிப்பில் கைவிட்டு, 3.10-இல் இந்தக் கோப்பைப் படிக்கும் வசதியைச் சேர்த்தது.

புதிதாக ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் முதலில் ஐடியைப் பாருங்கள். தெரியாத பெயராக இருந்தால் ஐடி-லைக்கைப் பாருங்கள். ஆர்ச் லினக்ஸில் வெர்ஷன்-ஐடி இருக்காது, அதற்கும் வழி வையுங்கள். பதிப்பை எழுத்துச் சரமாக ஒப்பிடாதீர்கள். அப்படி ஒப்பிட்டால் 10-ஐ விட 9 பெரியதாகிவிடும்.